பதில்: பியானோ சைடு பலகை விட்டுப்போச்சு, பெவிகால் போதுமா?

தம்பி, பாம்பன் வீட்டுல இருக்குற பழைய பியானோவுல இடது சைடு பலகை விரல் நுழையற அளவு விட்டுருச்சு, பெவிகால ஊத்தி கயித்தால இறுக்கிடலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு ஊத்திடாதீங்க. கம்பிங்க இழுக்குற இழுப்பு டன் கணக்குல இருக்கும், ஆனா அதைத் தாங்குறது உள்ள இருக்குற இரும்பு பிரேமும் பின்கட்டைகளும்தான், அதனால பயப்பட வேணாம். கீபோர்டு உக்காந்திருக்கிற பலகை அசையுதான்னு மட்டும் முதல்ல பாருங்க, அசைஞ்சா கை வைக்காம டெக்னீஷியனைக் கூப்பிடுங்க.

பழைய பியானோன்னா பெரும்பாலும் வஜ்ஜிரம்தான், அதாவது மாட்டுத் தோல், எலும்பக் காய்ச்சி எடுக்குற பசைதான் போட்டிருப்பாங்க, நம்ம கடக்காத்து ஈரத்துக்கு அது நாளாக நாளாக விட்டுரும். இடுக்குல டார்ச் அடிங்க, தேன் கலர்ல பொருக்கு பொருக்கா தெரியும், அது மேல பெவிகால் சரியாவே பிடிக்காது. சுடுதண்ணில துணிய முக்கி நல்லா பிழிஞ்சு ஒத்தி ஒத்தி, இளகினதும் தகட்டுக் கத்தியால சுரண்டிட்டு, முழுசா காயவிடுங்க. அப்புறம் பசை இல்லாம ஒருதடவை இறுக்கிப் பாருங்க, இடுக்கு மூடலைன்னா உள்ள எதோ தடுக்குதுன்னு அர்த்தம்.

ஒட்டுறதுக்கும் வஜ்ஜிரமே போடுங்க, நாளைக்கு யாராச்சும் பிரிக்கணும்னா சூடும் ஈரமும் காட்டினா போதும். நேரா அடுப்புல வைக்காம சுடுதண்ணிக்குள்ள கிண்ணத்தை வச்சு 60 டிகிரி வாக்குல உருக்கணும், கொதிச்சா வலுவே போயிரும். கயிறு வேணாம், வள்ளம் கட்டுற ஆசாரிமார்கிட்ட நீள கிளாம்ப் இருக்கும், கேட்டுப் பாருங்க, பாலிஷ் நசுங்காம நடுவுல கட்டை குடுத்து இறுக்கி மறுநாள் வரைக்கும் விட்டுருங்க. ஐப்பசி கார்த்திகை மழையில மட்டும் இந்த வேலைய எடுக்காதீங்க.