இயற்பியல், வானியல் ஆய்வுக்குத் தனியார் கொடை: கேள்வி பதில்

பள்ளி இயற்பியல் ஆசிரியர், ஈரோடு: அரசுகள் செலவிடுவதோடு ஒப்பிட்டால் கொடையாளர் பணம் சொற்பம்தானே? அது இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

தொகையைவிட, அது வரும் நேரம்தான் முக்கியம். சிலியில் உள்ள ரூபின் வானியல் ஆய்வகத்தின் தொலைநோக்கிக்கான 8.4 மீட்டர் ஆடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 ஜனவரியில் மென்பொருள் தொழிலதிபர் சார்ல்ஸ் சிமோனி 2 கோடி டாலரும் பில் கேட்ஸ் 1 கோடி டாலரும் தருவதாக அறிவிப்பு வந்தது. அந்த மார்ச்சிலேயே அரிசோனா பல்கலைக்கழகத்தின் சுழலும் உலையில் கண்ணாடி வார்க்கப்பட்டது. அமெரிக்க அரசு கட்டுமானத்துக்கு ஒப்புதல் தந்தது 2014இல்தான். அந்த ஒரே கண்ணாடியில் முதன்மை ஆடியும் மூன்றாம் ஆடியும் இரண்டு வெவ்வேறு வளைவுகளாக இழைக்கப்பட்டிருக்கின்றன. இழைத்து மெருகேற்றவே பல ஆண்டுகள் பிடித்தன. ஒப்புதல் வந்தபிறகு வார்த்திருந்தால், மற்ற எல்லாம் தயாராகியும் ஆடிக்காகக் காத்துக்கிடக்க வேண்டியிருக்கும்.

நம் நாட்டிலும் இதே கதைதான். இயற்பியலாளர் ஹோமி பாபா 1944 மார்ச்சில் ஆய்வு நிறுவனம் தொடங்க உதவி கேட்டு சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினார். 1945இல் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் தொடங்கியபோது முதலாண்டுத் தேவை 80,000 ரூபாய். அதில் 45,000 அறக்கட்டளை தந்தது. இன்று அதன் செலவை மத்திய அரசின் அணுசக்தித் துறை சுமக்கிறது. அரசு நுழையத் தயங்கும் கட்டத்தில் முதல் அடியை எடுத்துவைப்பதுதான் கொடையின் வேலை.

பொறியாளர், கோவை: தொலைநோக்கி கட்டப் பணம் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியது போலத்தானே?

பாதிக் கிணறு தாண்டினால் உள்ளேதான் விழ வேண்டும். பெரிய தொலைநோக்கியை இயக்க, கட்டிய செலவில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு ஆண்டுதோறும் தேவை என்பது இத்துறையின் தோராயக் கணக்கு. மின்சாரம், குளிர்விப்பு, ஆடிக்கு மறுபூச்சு, மென்பொருள், இரவுப்பணி ஆட்கள் எல்லாம் இதில் அடங்கும். பத்து முதல் இருபது ஆண்டுகளில் இயக்கச் செலவு கட்டுமானச் செலவை எட்டிவிடும்.

கலிஃபோர்னியாவில் பல ரேடியோ தட்டுகள் சேர்ந்த ஆலன் தொலைநோக்கி அணி இதற்குச் சாட்சி. மைக்ரோசாஃப்ட் இணை நிறுவனர் பால் ஆலன் பணத்தில் 2007இல் 42 அலைவாங்கித் தட்டுகளோடு தொடங்கியது, திட்டம் 350. நடத்துவதற்கான பொதுநிதி வற்றியதும் 2011 ஏப்ரலில் அணைத்துவைக்கப்பட்டது. பொதுமக்களிடம் 2 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய பிறகு டிசம்பரில் மீண்டும் இயங்கியது. நேர்மாறாக, ஹவாயின் கெக் தொலைநோக்கியில் கட்டுமானப் பணத்தைக் கால்டெக் (கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகம்) கொண்டுவந்தது. 25 ஆண்டு இயக்கச் செலவைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் முன்கூட்டியே ஏற்றது. அந்த ஒப்பந்தம்தான் அதைக் காப்பாற்றியது. கொடையாளரிடம் பேசும் முதல் நாளே இயக்கச் செலவைப் பற்றிப் பேசுங்கள். பெயர்ப்பலகை வைக்க முன்வருபவர்கள் மின்கட்டணத்துக்கு முன்வருவது அரிது.

வாசகர், சென்னை: பெயர் வைப்பதில் சண்டை வருமா?

வரும். மேலே சொன்ன கெக் தொலைநோக்கிக்கே முதலில் ஹாஃப்மன் குடும்பத்திலிருந்து 3.6 கோடி டாலர் உறுதியாகியிருந்தது. கெக் அறக்கட்டளை 7 கோடி டாலரோடு வந்ததும் பெயர் மாறியது; முதல் கொடை கைநழுவியது. யார் பெயர், எதற்கு, எத்தனை ஆண்டு என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

முனைவர் பட்ட மாணவி, திருச்சி: வெளிநாட்டு அறக்கட்டளைக்கு நானே விண்ணப்பிக்கலாமா? எப்படி எழுதுவது?

பெரும்பாலும் உங்கள் வழிகாட்டியோ நிறுவனமோதான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் தகுதியைப் பாருங்கள். ஸ்லோன் அறக்கட்டளையின் ஆய்வு நல்கை அமெரிக்கா, கனடாவில் பணியாற்றும் இளம் பேராசிரியர்களுக்கானது. பல அறக்கட்டளைகள் அழைப்பு இல்லாத விண்ணப்பத்தைப் பிரிப்பதே இல்லை.

பெரும்பாலும் முதலில் கேட்பது ஓரிரு பக்கக் கருத்துக் கடிதம். அதில் நான்கு செய்திகள் போதும்: எதை அளக்கப்போகிறீர்கள், இன்றைய துல்லியம் எவ்வளவு, உங்கள் முறை அதை எவ்வளவு மேம்படுத்தும், அரசுக் குழு இதற்கு ஏன் தயங்கும். கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். படிப்பவர் தேடுவதே அதைத்தான். ஒன்றரை ஆண்டில் இது தேறுமா தேறாதா என்று காட்டும் ஒரு சோதனையையும் சொல்லுங்கள்.

வரவுசெலவில் இரண்டு இடங்களில் சறுக்கும். நிறுவனம் பிடிக்கும் நிர்வாகப் பங்கை அறக்கட்டளைகள் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. நிறுவனத்தின் சம்மதத்தை முன்பே எழுத்தில் வாங்குங்கள். அடுத்தது வரி. ஆய்வு நிறுவனங்களுக்கு இருந்த 5 விழுக்காடு ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் போய்விட்டது. 18 விழுக்காடு வரி உள்ள கருவி என்றால் 1 கோடி ரூபாய்க்கு வரி மட்டுமே 18 லட்சம். டாலர் ஏறினால் தாங்கவும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

கல்லூரித் துறைத் தலைவர், மதுரை: வெளிநாட்டு அறக்கட்டளை தரும் பணத்தை எங்கள் அறக்கட்டளைக் கணக்கில் வாங்கலாமா?

வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. பதிவு இருந்தாலும் பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பின் வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. மூன்று கல்லூரிகள் சேர்ந்த கூட்டுத் திட்டங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

நிறுவனச் செயலர், ஓசூர்: எங்கள் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியில் வானியற்பியல் இருக்கை, அதாவது நிரந்தரப் பேராசிரியர் பதவி, அமைக்கலாமா?

இருக்கைக்கு, முதலைத் தொடாமல் வருமானத்தில் நடத்தும் வைப்புநிதி வேண்டும். 2021 சிஎஸ்ஆர் விதிகளுக்குப் பிறகு வைப்புநிதிக்குத் தருவது சிஎஸ்ஆர் கணக்கில் வராது. அரசு நிதி பெறும் பல்கலைக்கழகம், ஐஐடி, அணுசக்தித் துறையின் கீழுள்ள ஆய்வகம் போன்றவற்றின் ஆய்வுக்குத் தரலாம். ஆனால் கம்பெனிகள் சட்டத்தின் அட்டவணை 7, ஆய்வு ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளைச் சார்ந்திருக்க வேண்டும் என்கிறது. கருந்துளைக் கோட்பாட்டை அதற்குள் நுழைப்பது கடினம். கருவியாக்கம், கணினி வசதி, மாணவர் பயிற்சி ஆகியவை எளிதாகப் பொருந்தும். இருக்கையே வேண்டுமென்றால் பங்குதாரர் தம் சொந்தப் பணத்தில் செய்யட்டும்.

முன்னாள் மாணவர் சங்கம், தஞ்சாவூர்: 1 கோடி திரட்டியிருக்கிறோம். ஆய்வு மாணவர் ஒருவருக்கு நிரந்தர உதவித்தொகை தர முடியுமா?

முடியாது. 7 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 7 லட்சம். அதில் 3 லட்சத்தை முதலோடு சேர்த்தால்தான் விலைவாசியை ஓரளவாவது ஈடுகட்டலாம். மிஞ்சுவது 4 லட்சம். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000. வீட்டுவாடகைப்படி இல்லாமலே ஆண்டுக்கு 4.44 லட்சம். ஒருவருக்கே பற்றாது. அதே 4 லட்சத்தில் 20 இளங்கலை மாணவர்களை மாதம் 10,000 வீதம் இரண்டு மாதக் கோடைப்பயிற்சிக்கு ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பலாம். அதைச் செய்யுங்கள், தங்குமிடத்தை அந்த நிறுவனம் தருமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.