புகலிட நகரங்களுக்கு நிதியை நிறுத்த முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் ‘புகலிட நகரம்’ என்கிறார்களே, அங்கே குடியேற்றச் சட்டம் செல்லாதா? சட்டத்துக்கு ஒத்துழைக்காத ஊருக்கு வாஷிங்டன் ஏன் பணம் தர வேண்டும்?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: சட்டம் எல்லா ஊரிலும் செல்லும். புகலிட நகரங்களான சான் பிரான்சிஸ்கோவிலும் சிகாகோவிலும், குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தும் ‘ஐஸ்’ அமைப்பின் அதிகாரிகள் தாங்களே வந்து கைது செய்யலாம். நகரம் மறுப்பது, அந்த வேலைக்குத் தன் போலீஸையும் சிறையையும் தருவதைத்தான். மாநில, உள்ளூர் அதிகாரிகளை ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு, தன் வேலைக்கு வற்புறுத்த முடியாது என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தகராறு பெரும்பாலும் ஒரு தாளைப் பற்றியது. உள்ளூர் சிறைக்கு ஒருவர் கைதாகிப் போனால், அவர் கைரேகை எஃப்.பி.ஐ.க்கும், அங்கிருந்து குடியேற்றத் துறைக்கும் போய்விடும். புகலிட நகரத்திலும் அப்படித்தான். பலருக்கு இது தெரிவதில்லை. பிறகு சிறைக்கு ஐ-247ஏ என்ற படிவம் வரும். ‘டிடெய்னர்’ என்பார்கள். விடுதலையாக வேண்டிய ஆளை மேலும் 48 மணி நேரம் வரை பிடித்து வைக்கும்படி அதில் கேட்டிருக்கும். கூடவே வரும் வாரண்டில் கையெழுத்திடுவது குடியேற்றத் துறை அதிகாரி, நீதிபதி அல்ல. சிக்கல் அங்கேதான். ஆரிகன் மாநிலத்தில் கிளாக்கமஸ் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) டிடெய்னரை மட்டும் நம்பி ஒரு பெண்ணைச் சிறையில் வைத்திருந்தது அரசியல் சட்ட மீறல் என்று 2014-ல் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறுப்பு கவுன்ட்டியின் தலையில் விழுந்தது. அதன்பின் பல கவுன்ட்டிகள், நீதிபதி கையெழுத்தில்லாமல் யாரையும் கூடுதலாக வைத்திருக்க மாட்டோம் என்றன. இதை வெறும் பிடிவாதம் என்று சொல்வது நியாயமில்லை.

கேள்வி: பணம் கொடுப்பவர் நிபந்தனை போடக் கூடாதா?
– வாசகி, ஈரோடு

பதில்: போடலாம், ஆனால் போட வேண்டியது காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம், அதிபர் அல்ல. நிபந்தனை தெளிவாக இருக்க வேண்டும், அந்த நிதியின் நோக்கத்தோடு தொடர்பும் வேண்டும், கழுத்தை நெரிக்கவும் கூடாது. மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதத்தைப் பிடித்தம் செய்யலாம் என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2012-ல், மருத்துவ உதவித் திட்ட நிதி முழுவதையும் பறிப்போம் என்ற மிரட்டலை ஏற்கவில்லை.

புகலிட நகரங்களுக்கு ஃபெடரல் நிதியை நிறுத்தச் சொன்ன டிரம்பின் 2017 ஜனவரி உத்தரவு இந்த அளவுகோலில் தோற்றது. கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்ட்டிக்கு அப்போது வருமானத்தில் ஏறத்தாழ 35 சதவீதம் ஃபெடரல் பணம். ஏழைகளுக்கான பொது மருத்துவமனையும் அதை நம்பித்தான் ஓடுகிறது. சிறை விவகாரத்துக்கு நோயாளியின் படுக்கையைப் பணயம் வைப்பது எந்த விதத்திலும் சரியல்ல. நீதிபதி வில்லியம் ஓரிக் அந்த ஏப்ரலில் தடை விதித்தார். 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உத்தரவு செல்லாது என்றது. 2025 ஜனவரியில் அதே நோக்கத்தோடு மறுபடி உத்தரவு வந்தது, ஏப்ரலில் அதே நீதிபதி மறுபடி தடுத்தார்.

எல்லாத் தீர்ப்பும் ஒரே பக்கமில்லை. போலீஸுக்கான ‘பைர்ன்’ மானியத்தில் போட்ட குடியேற்ற ஒத்துழைப்பு நிபந்தனைகளை சிகாகோ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. நியூயார்க் வழக்கில் 2020-ல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. உச்ச நீதிமன்றம் தீர்ப்பதற்குள் ஆட்சி மாறி, 2021-ல் அந்த மனுக்கள் முடித்துவைக்கப்பட்டன.

கேள்வி: மகன் சான்டா கிளாரா கவுன்ட்டியில் உள்ள சான் ஹோசேயில் படிக்கிறான். அந்த ஊர் அவனுக்குப் பாதுகாப்பா?
– வாசகி, திருச்சி

பதில்: ஊரின் கொள்கை விசாவைக் காப்பாற்றாது. குடித்துவிட்டு கார் ஓட்டிப் பிடிபட்டாலும் கைரேகை போய்ச் சேரும். வீடு மாறினால் 10 நாளுக்குள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் புது முகவரியைப் பதியச் சொல்லுங்கள்.