மஞ்சள் பால் திரிந்துபோகிறதா? இஞ்சியைப் பாருங்கள்

பச்சை இஞ்சியும் கருப்பட்டியும் போட்டு மஞ்சள் பால் காய்ச்சினால் திரிந்துபோகிறது, பால் பாக்கெட்டை மாற்றியும் சரியாகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பாலை விடுங்கள், எனக்கு இஞ்சி மேல்தான் சந்தேகம்.

பச்சை இஞ்சியில் பால் புரதத்தை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. சீனாவில் குவாங்தோங் பக்கம் சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றி, இதே நொதியை வைத்துத்தான் பாலை உறையவைத்து ஓர் இனிப்பே செய்கிறார்கள். நன்றாகக் கொதித்தால் நொதி செயலிழந்துவிடும். அதனால் தட்டிய இஞ்சியை முதலில் அரை டம்ளர் தண்ணீரில் நாலைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, அப்புறம் காய்ச்சிய பாலில் சேருங்கள். இல்லை, பேசாமல் கால் ஸ்பூன் சுக்குப் பொடி போடுங்கள். என் ஓட்டு சுக்குக்குத்தான், மணமும் தூக்கலாக இருக்கும்.

கருப்பட்டியும் சும்மா இல்லை. அதில் புளிப்பு கொஞ்சம் இருந்தாலும் கொதிக்கிற பால் திரியும். தனியாகக் கரைத்து, மண் போக வடிகட்டி வைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துக் கலக்குங்கள். பனங்கற்கண்டு என்றால் இவ்வளவு பயம் வேண்டாம்.

மஞ்சள் அடியில் தங்குகிறது என்றும் சொன்னீர்களே, அதன் நிறச்சத்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஒரு டம்ளருக்குக் கால் ஸ்பூன் மஞ்சள்தூளும் இரண்டு சிட்டிகை மிளகுத்தூளும் எடுத்து, அரை ஸ்பூன் நெய்யில் சிறு தீயில் லேசாகப் புரட்டிவிட்டுப் பாலை ஊற்றுங்கள். பச்சை வாசனையும் போய்விடும். கருகவிட்டால் கசக்கும். கொழுப்பு நீக்கிய பால் வேண்டவே வேண்டாம்.