கரையோர நெடுநடை: வானமும் ஓதமும்

கேள்வி: வெயிலும் மழையும் மாறி மாறி வரும் பருவத்தில் கடற்கரையை ஒட்டிப் பல நாட்கள் நடக்க விரும்புகிறேன். எதில் முதலில் கவனம் வேண்டும்?

பதில்: மழையைவிட ஓதத்தையே, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதையே, முதலில் கவனியுங்கள். பெரும்பாலான கரைகளில் இரண்டு உயர் ஓதங்களுக்கு இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் கழிவதால், அதன் நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மேலும் உயரும் என்பதால், பாறைச்சரிவுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள குறுகிய மணற்பகுதியை நீர் வடியும்போது மட்டுமே கடக்க வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது. இடியோசை கேட்டவுடன் திறந்த கரையை விட்டு விலகிக் கட்டடத்துக்குள் செல்லுங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். நனைந்த பருத்தி ஆடை காற்றில் உடல் வெப்பத்தை விரைவாக இழக்கச் செய்யும். எளிதில் உலரும் துணியே ஏற்றது.