இழைப்புளியை எடுப்பதற்கு முன் கதவை எடை போடுங்கள்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஒரு ஸ்லைடிங் கதவு போட்டிருக்கிறோம். பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்குப் பலகைகளை நெடுக்காகச் சேர்த்துச் செய்தது. 7 அடி உயரம், 4 அடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம். மேலே 8 அடி டிராக், அதை 3 இடங்களில் சுவரில் போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறார்கள். சக்கரங்கள் நைலான். 2 ஆண்டுகள் நன்றாக ஓடிய கதவு இப்போது மழை மாதங்களில் தரையில் உரசுகிறது, நடுவில் நின்று குலுங்குகிறது. மரம் உப்பிவிட்டது, அடியில் கால் அங்குலம் இழைத்துவிடலாம் என்கிறார் ஆசாரி. பால் பேரிங் செட் மாற்றினால் போதும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தயவுசெய்து கதவை இழைக்க விடாதீர்கள். பால் பேரிங் செட் உங்களுக்குத் தேவைதான். ஆனால் அதை மட்டும் வாங்கி மாட்டினால் அடுத்த மழைக்கு இதே கேள்வியோடு வருவீர்கள்.

மரம் ஈரத்துக்கு உப்பும் என்பது உண்மை. ஆனால் எந்தத் திசையில் உப்பும் என்பதுதான் இங்கே முக்கியம். மரத்தின் ரேகை ஓடும் திசையில் அது ஏறக்குறைய நீளுவதே இல்லை. ரேகைக்குக் குறுக்கேதான் விரியும். உங்கள் பலகைகள் நெடுக்காக நிற்கின்றன. கோடைக்கும் மழைக்கும் இடையே மரத்தின் ஈரம் 5 சதவீதம் கூடினால் 4 அடி அகலத்தில் 1 சென்டிமீட்டர் வரைகூட விரியலாம். 7 அடி உயரத்தில் 1 மில்லிமீட்டர்கூட ஏறாது. நிலைக்குள் அடைபடும் சாதாரணக் கதவு அகலத்தில் விரிந்தால் பிடித்துக்கொள்ளும். உங்களுடையது சுவருக்கு முன்னால் நகரும் கதவு. அகலத்தில் விரிய அதற்கு இடம் இருக்கிறது. ஆகவே அது தரையில் உரசுகிறது என்றால் கதவு வளரவில்லை, கீழே இறங்கியிருக்கிறது. ஏன் இறங்கியது என்று பார்க்காமல் அடியை இழைத்தால், கோடையில் கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்துதான் மிஞ்சும்.

கதவின் எடையிலிருந்து தொடங்குவோம். தேக்கைக் கன அடிக் கணக்கில்தானே வாங்குகிறோம், அதே கணக்கைப் போடுங்கள். 7 அடி, 4 அடி, ஒன்றரை அங்குலம் என்றால் 3.5 கன அடி. நன்கு உலர்ந்த தேக்கு ஒரு கன அடி 18 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். மரம் மட்டுமே 64 கிலோ. கைப்பிடி, தாழ்ப்பாள், இரும்புப் பட்டைகளைச் சேர்த்தால் 70 கிலோவை நெருங்கும். மழைக்காலத்தில் மரம் குடிக்கும் ஈரத்தால் இன்னும் 3 கிலோ ஏறும். ஒப்பிட்டுப் பாருங்கள்: 19 மில்லிமீட்டர் பிளைவுட்டின் முழுத்தாள், 8 அடிக்கு 4 அடி, ஏறக்குறைய 35 கிலோதான். நைலான் சக்கர செட்டுகள் பெரும்பாலும் அலமாரிக் கதவுகளையும் இலேசான பிளைவுட் கதவுகளையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் நீங்கள் இரட்டிப்பு எடையைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகள் அது தாங்கியதே பெரிது.

இனி ஒரு சோதனை. கதவை ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, டிராக்கின் அடிவிளிம்பிலிருந்து தரைவரை டேப் வைத்து இரு முனைகளிலும் நடுவிலும், போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட இடங்களிலும் அளந்து எழுதுங்கள். பிறகு கதவை நடுவுக்குக் கொண்டுவந்து மீண்டும் அளங்கள். தரை மட்டமாக இருக்கிறதா என்பதை ரசமட்டம் வைத்துத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் தண்ணீர் வழிவதற்காக வராந்தாப் பக்கம் ஒரு வாட்டம் கொடுத்திருப்பார்கள், அதை டிராக்கின் குறை என்று நினைத்துவிடக் கூடாது. கதவு நடுவில் இருக்கும்போது போல்ட்டுகளுக்கு இடையே எடுத்த அளவு ஒரு நூல், இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைந்தால் டிராக் தொய்கிறது என்று பொருள்.

உங்கள் டிராக் தொய்யாமல் இருந்தால்தான் எனக்கு வியப்பு. 8 அடிக்கு 3 போல்ட் என்றால் ஒரு போல்ட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 4 அடி. ஒரு சட்டத்தின் நடுவில் பாரம் இருந்தால் அது எவ்வளவு வளையும் என்பது இடைவெளியின் மும்மடியோடு ஏறும். அதாவது இடைவெளியைப் பாதியாக்கினால் தொய்வு பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிறது. இதே டிராக்கில் 4 அடி இடைவெளியை 2 அடியாக்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும். 70 கிலோ கதவுக்கு நான் 16 அங்குலத்துக்கு ஒன்று என்று 7 போல்ட் போடுவேன். கடையில் டிராக்கை எத்தனை மில்லிமீட்டர் தகடு என்று விசாரித்து வாங்குபவர்களும், போல்ட்டை எங்கெங்கே போடுவது என்பதை அவசரத்தில் இருக்கும் ஆளிடம் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

டிராக்கின் அடியில் இருக்கும் பிளவையும் பாருங்கள். சக்கரங்கள் அதன் இரு உதடுகளின் மேல்தான் ஓடுகின்றன. பாரம் மீறினால் உதடுகள் மெல்ல விரிந்து கீழ்நோக்கிச் சாயும். பிளவின் அகலம் முனையில் ஓர் அளவும் நடுவில் வேறோர் அளவுமாக இருந்தால் அந்த டிராக்கைத் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

அடுத்தது கதவின் உச்சி. சக்கரத்தைத் தாங்கும் தகட்டைக் கதவின் மேல்விளிம்பில் திருகாணி போட்டுப் பிடித்திருக்கிறார்களா? நெடுக்குப் பலகையின் உச்சி என்பது மரத்தின் குறுக்கு வெட்டு முகம். வைக்கோல் கட்டின் நுனியில் குச்சி செருகியதுபோல, அங்கே திருகாணி நார்களுக்கு இடையே புகுந்து நிற்குமே தவிர அவற்றைக் கடித்துப் பிடிக்காது. நாளுக்கு நாள் இழுபட்டு, தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே சந்து விடும். டார்ச் அடித்துப் பாருங்கள். சந்து தெரிந்தால், இன்னும் நீளமான திருகாணி போடுவது தீர்வல்ல. கதவின் முகத்தில் இறங்கி வரும் பட்டை வகைத் தாங்கிகளை வாங்கி, மரத்தை முழுக்கத் துளைத்து போல்ட், வாஷர், நட் போட்டு இறுக்குங்கள். உங்கள் பழைய தேக்குக்குக் கறுப்பு இரும்புப் பட்டை அழகாகவும் இருக்கும்.

இப்போது சக்கரத்துக்கு வருகிறேன். சாதாரண நைலான் சக்கரத்தில், ஓர் ஊசியைச் சுற்றி நைலான் உரசித் திரும்புகிறது. நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சற்றே பருக்கும் பொருள். மேகம் வாசலில் வந்து நிற்கும் ஏற்காட்டில் துளை ஊசியை இறுக்கிப் பிடிக்க இது இடம் தருகிறது. கதவு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் சக்கரத்தின் அடி தட்டையாகவும் அழுந்தும். நீங்கள் சொல்லும் குலுங்கலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பால் பேரிங்கில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே கடினமான எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. உரசுவதற்குப் பதில் உருளுவதால் 70 கிலோவையும் ஒரு கையால் நகர்த்தலாம். 1794-இலேயே வேல்ஸ் நாட்டின் கார்மார்தனைச் சேர்ந்த பிலிப் வாகன் இதற்குக் காப்புரிமை வாங்கினார், அதுவும் வண்டி அச்சுக்காக. பாரத்தைத் தாங்கிக்கொண்டே இலேசாக உருள்வதுதான் அதன் பிறவிக் குணம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பால் பேரிங் மாட்டியபின் டிராக்கின் குறை ஒளிந்துகொள்ள இடமில்லை. நைலானின் உரசல் இதுவரை கதவை நிறுத்திய இடத்திலேயே பிடித்து வைத்திருந்தது. இனி டிராக் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ நடுவில் தொய்ந்திருந்தாலோ, கதவு தானாகவே தாழ்ந்த இடத்தைத் தேடி உருண்டு வந்து நிற்கும். பேரிங் சரியில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுவரப்படும் செட்டுகளில் நான் பார்த்த பல, பேரிங்கில் எந்தப் பிழையும் இல்லாதவை.

வாங்கும்போது இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதலாவது, தாங்கும் எடை. பெட்டியில் 100 கிலோ என்று போட்டிருந்தால் அது கதவைத் தாங்கி ஓடும் இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கும், அதாவது டிராலிகளுக்கும், சேர்த்தா, ஒன்றுக்கா என்று கேளுங்கள். கதவின் மழைக்கால எடையைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது ஜோடிக்கு 110 கிலோவுக்குக் குறையாமல் எடுங்கள். ஒவ்வொரு டிராலியிலும் நான்கு சக்கரங்கள் இருப்பது நல்லது. இரண்டாவது, பேரிங்கின் மூடி. இருபுறமும் ரப்பர் மூடியிட்டது ஈரத்தைத் தடுக்கும். தகட்டு மூடி தூசியை ஓரளவு நிறுத்துமே தவிர ஈரக் காற்றை நிறுத்தாது. சேலத்தில் அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓடும் வீடுகளுக்கும் நான் ரப்பர் மூடியைத்தான் சொல்வேன், பஞ்சுத் தூசி அப்படிச் சுற்றிக்கொள்ளும். மலையில் உங்களுக்கு எதிரி துரு. சக்கரத்தின் வெளிவட்டம் எஃகாக இருந்தால் உறுதி, ஆனால் சத்தம் வரும். எஃகு பேரிங்கின்மேல் பிளாஸ்டிக் வளையம் பொருத்திய வகை சத்தமில்லாமல் ஓடும். உங்கள் எடைக்கு ஏற்ற அளவில் கிடைத்தால் கூடத்துக்கு அதையே எடுங்கள்.

துரு என்றதும் எவர்சில்வரைப் பற்றியும் சொல்லவேண்டும். துருப்பிடிக்காத எஃகு உருட்டும் ஆலையே இருக்கும் ஊர் நம் சேலம், ஆனாலும் கடையில் இன்னமும் காந்தத்தை ஒட்டிப் பார்த்துத்தான் தரம் சொல்கிறார்கள். காந்தம் ஒட்டாததாலேயே அது துருவை நன்கு எதிர்க்கும் 304 ரகம் என்று ஆகிவிடாது. மலிவான 200 வரிசை எஃகும் காந்தத்தில் ஒட்டாது, ஈரத்தில் அதுதான் சீக்கிரம் துருவேறும். மாறாக, பேரிங்குக்கென்று கடினப்படுத்திய துருப்பிடிக்காத எஃகு காந்தத்தில் நன்றாகவே ஒட்டும். ஆகவே பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் கதவு என்பதால் துத்தநாகம் பூசிய நல்ல கனமான டிராக்கே உங்களுக்குப் போதும். மிச்சமாகும் பணத்தைப் பேரிங்கில் போடுங்கள்.

டிராக்கை ஒரே துண்டாக வாங்குங்கள், ஒட்டு வேண்டாம். சேலத்தில் வாங்கி மேலே கொண்டுபோவதானால் ஒரு நேரான மரச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியின் மேல் ஆடிக்கொண்டே போகும் வெறும் டிராக், வீடு சேரும்போது வளைந்திருக்கும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. மூடிய பேரிங்குக்குள் கிரீஸ் வைத்தே அனுப்புகிறார்கள். தேங்காய் எண்ணெயோ என்ஜின் ஆயிலோ டிராக்கில் விட்டால் தூசி சேர்ந்து களியாகும்; மண்ணெண்ணெய் உள்ளிருக்கும் கிரீஸைக் கரைக்கும். காய்ந்த துணியும் பழைய பிரஷும் போதும். கதவின் அடியில், அது ஆடாமல் பிடிக்கும் வழிகாட்டி ஓடும் பள்ளத்தில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள்.

மரத்துக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கதவின் இரு முகங்களுக்கும் பாலிஷ் போடுபவர்கள் உச்சியையும் அடியையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மரம் அதிகமாக ஈரம் குடிப்பது அந்தக் குறுக்கு வெட்டு முகங்களின் வழியாகத்தான். வராந்தாப் பக்கம் சாரலும் கூடத்துப் பக்கம் உலர்ந்த காற்றும் பட்டால் பலகை வளையும், வளைந்த கதவு வழிகாட்டியில் உரசும். கதவைக் கழற்றும் அன்றே, நன்கு உலர்ந்த ஒரு மாதத்தில், பிப்ரவரியில் அல்லது மார்ச்சில், உச்சிக்கும் அடிக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுத்துவிடுங்கள். ஆசாரியின் இழைப்புளி பட்டிருந்தால் இதே அடிமுகம் புதிதாகத் திறந்துகொண்டு இன்னும் ஈரம் குடித்திருக்கும்.

கடைசியாகச் சுவர். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் கதவு ஆள்மேல் விழும். வாசலுக்கு மேலே இருக்கும் கான்கிரீட் லிண்டல் இரு பக்கமும் அரை அடி, முக்கால் அடிதான் நீண்டிருக்கும். டிராக்கின் மறுபாதி வெறும் சுவர்மேல்தான். அதாவது கதவைத் திறந்து நிறுத்தும் நேரமெல்லாம் அந்த 70 கிலோ லிண்டலில் இல்லை, செங்கலில் தொங்குகிறது. அதுவும் சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் வெளியே தள்ளித் தொங்குவதால் போல்ட்டை வெளியே பிடுங்கும் இழுப்பும் சேர்கிறது. வேலைக்கு வந்த புதிதில் செங்கல் சந்துக் கலவையில் விரிவு போல்ட் அடித்து ஒரு கதவை நான் மாட்டினேன். ஆறு மாதத்தில் மூன்று போல்ட் வழுக்கி வெளியே வந்து நின்றதை அந்த வீட்டம்மா பார்த்துச் சொன்னார். வீட்டில் சிறு குழந்தை இருந்தது. அன்றிலிருந்து சுவரைத் தட்டிப் பார்க்காமல் நான் டிராக் விற்பதில்லை.

உங்கள் சுவர் உறுதியான செங்கல் என்றால், சந்தில் போடாமல் செங்கலின் நடுவில் துளையிட்டு, தூசியை ஊதி எடுத்துவிட்டுக் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையில் பசை நிரப்பி ஒட்டவைக்கும் போல்ட், போடுங்கள். டிராக்குக்குப் பின்னால் சுவரோடு நீளமாக ஒரு இரும்புப் பட்டையோ தேக்குச் சட்டமோ வைத்தால் பாரம் எல்லா போல்ட்டுக்கும் பரவும். இரு முனைகளிலும் ஸ்டாப்பர், டிராலி டிராக்கை விட்டுத் துள்ளாமல் தடுக்கும் பூட்டு, இரண்டும் இல்லாமல் கதவைத் தூக்கி மாட்டாதீர்கள். மாட்டும்போது இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்.

மலையில் பழைய வீடுகள் சிலவற்றைப்போல உங்களுடையதும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் சுவராக இருந்தால், மேலே தொங்கவிடும் யோசனையையே கைவிடுங்கள் என்பேன். கதவின் அடியில் பள்ளமிட்ட பேரிங் சக்கரங்களைப் பொருத்தி, தரையில் பதித்த இரும்புத் தடத்தில் ஓடவிட்டால் முழு எடையும் தரைக்குப் போய்விடும். மேலே சாயாமல் பிடிக்க ஒரு இலேசான வழிகாட்டி போதும். தடத்தில் மண்ணும் நீரும் சேரும், வாரம் ஒருமுறை பெருக்க வேண்டியிருக்கும். வராந்தாப் பக்கம் தண்ணீர் வழிய அந்தத் தடத்தில் இரண்டு இடங்களில் துளை போடச் சொல்லுங்கள்.