ரேங்க்கைப் போட்டீர்கள், வேலையைப் போடவில்லையே!

கேள்வி: ராணுவத்தில் வாகனப் பராமரிப்புப் பிரிவில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இன்னும் ஐந்து மாதத்தில் ஓய்வு. நண்பர்கள் சொன்னார்களே என்று வேலைத் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்டுஇன்னில் கணக்கு தொடங்கினேன். பெயரும் ரேங்க்கும் போட்டதோடு சரி, அதற்கு மேல் கை ஓடவில்லை. கம்பெனிக்காரர்களுக்குக் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

பதில்: "என்னிடம் என்ன இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்களே, அதுதான் என் மனசை உறுத்துகிறது. பதினேழு வருடம் வண்டிகளை ஓடும் நிலையில் வைத்திருந்தவர் நீங்கள்.

படைக்குள் ரேங்க்கையும் யூனிட்டையும் சொன்னாலே உங்கள் பொறுப்பு என்னவென்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். வெளியே ஆள் எடுப்பவருக்கு அது இரண்டும் புரியாது. அவர் 'ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர்', 'டீசல் மெக்கானிக்' என்றுதான் தேடுவார். அந்தச் சொல் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால், நீங்கள் அவர் கண்ணிலேயே பட மாட்டீர்கள்.

அதனால் ஒன்று செய்யுங்கள். சாதாரணமான ஒரு வேலை நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் ஒரு லாரி ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருகிறது. பழுது எங்கே என்று கண்டுபிடித்தது யார்? ஸ்டோரில் பாகம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதிக் கேட்டது யார்? புதிதாக வந்த பையனுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தது? வண்டி வெளியே போகும் முன் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது? இந்த நாலுக்கும் வெளியுலகில் தனித்தனிப் பெயர் உண்டு: பழுது கண்டறிதல், உதிரிபாக இருப்பு நிர்வாகம், பயிற்சி, தரப் பரிசோதனை. நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான். எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தீர்கள் என்பதை எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனில் 220 எழுத்து வரை இடம் இருக்கிறது. 'வாகனப் பராமரிப்பு மேற்பார்வையாளர், டீசல் இன்ஜின், உதிரிபாக ஸ்டாக், 17 ஆண்டு அனுபவம்' என்பது போல வைத்தால் போதும். உங்களைப் பற்றிச் சொல்லும் 'அபவுட்' பகுதியில் 2,600 எழுத்து எழுதலாம். ஆனால் திறந்ததும் தெரிவது முதல் சில வரிகள் மட்டும்தான். எந்த வேலை தேடுகிறீர்கள் என்பது அங்கேயே வந்துவிட வேண்டும். போட்டோவுக்குச் சாதாரணச் சட்டை, முகம் தெளிவாக. அவ்வளவு போதும்.

அடுத்து, எழுதக் கூடாதது. இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நீங்கள் இன்னும் பணியில் இருக்கிறீர்கள். சமூக ஊடகம் பற்றி உங்கள் படையின் விதி என்ன என்று முதலில் கேட்டுவிடுங்கள். முகாம் எங்கே இருக்கிறது, மொத்தம் எத்தனை வண்டி, அதில் எத்தனை ஓடும் நிலையில், எந்தப் போர்ப் பயிற்சிக்குப் போனீர்கள், எதுவும் வேண்டாம். ரகசியக் கோப்புகளைக் கையாளும் அனுமதி இருந்தது என்று பெருமையாகவும் போட வேண்டாம். அதைத் தேடித்தான் வெளிநாட்டு உளவாளிகள் சிலர் வருகிறார்கள். ஐந்து ஆண்டுகளில் பிரிட்டன் நாட்டவர் குறைந்தது 10,000 பேரைப் போலிக் கணக்குகள் இதுபோன்ற தளங்களில் அணுகியிருக்கின்றன என்று அந்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5 2021-ல் எச்சரித்தது. முன்பின் தெரியாத ஒருவர் உங்களை அளவுக்கு மீறிப் புகழ்ந்து, அனுபவத்தைக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தால் நல்ல பணம் என்றால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மேலதிகாரியிடமும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பக்கம் தயாரானதும் உங்கள் பிரிவிலிருந்து உங்களுக்கு முன்னே வெளியேறி, இப்போது கம்பெனியில் இருப்பவரைத் தேடி எழுதுங்கள். எடுத்த எடுப்பில் வேலை கேட்க வேண்டாம். "அண்ணே, நான் எழுதியிருப்பதில் வெளியாளுக்கு எது புரியாது?" என்று கேளுங்கள். இரண்டு வரி என்றாலும் உங்களுக்காகப் பதில் எழுதுவார். உங்கள் வேலையை நேரில் பார்த்த மேலதிகாரி அதே தளத்தில் இருந்தால், அவரோடு இணைந்து ஒரு பரிந்துரை வாங்கிவிடுங்கள். ஐந்து மாதம் என்கிறீர்கள், அதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிடலாம். இந்த வாரமே கேளுங்கள்.