மீக்கடத்திக் கம்பியும் தங்கக் கம்பி மாதிரிதான் இழுக்கிறார்களா?

"எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தத்தில் இருக்கும் மீக்கடத்திக் கம்பியை எப்படிச் செய்கிறார்கள்? உலோகங்களைச் சேர்த்து உருக்கி, சாதாரணக் கம்பி மாதிரி இழுத்துவிட்டால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (மீக்கடத்தி என்றால், கடும் குளிரில் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிற பொருள்.)

இழுப்பதுதான். எதை இழுக்கிறோம், நடுவில் என்ன செய்கிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

வெளிநாட்டுக் கம்பி ஆலை ஒன்றில் 6 வருடம் இந்த வேலை பார்த்தேன். அதற்கு வெகு முன்பே கம்பி இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவன். அப்பா நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிற ஆசாரி. வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகள் உள்ள கம்பியச்சில், தேன்மெழுகு தடவிய வெள்ளிக் கம்பியின் நுனியைச் செருகி, குறட்டால் பிடித்து இழுப்பார். கம்பி கீச்சிட்டால் நிறுத்திவிடுவார். "மக்களே, அதுக்கு வலிக்கு. கொஞ்சம் சூடு காட்டு" என்பார்.

எம்ஆர்ஐ காந்தங்களில் பெரும்பாலும் இருப்பது நியோபியம்-டைட்டானியம் கலவை. எடையில் சுமார் 47 சதவீதம் டைட்டானியம். நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் காலைச் சுடுகிற அந்தக் கறுப்பு மண்ணில் இருக்கும் இல்மனைட், டைட்டானியத்தின் தாதுதான். (அதற்காக நம்ம மண்தான் ஸ்கேன் மெஷினுக்குள் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். உலகத்தில் எடுக்கிற டைட்டானியத் தாதுவில் பெரும்பகுதி, பெயின்ட் மாதிரியானவற்றில் சேர்க்கும் வெள்ளை நிறமிக்குத்தான் போகிறது.)

இந்த இரண்டையும் ஒன்றாக உருக்குவதே சள்ளை. டைட்டானியம் 1,668 டிகிரியில் உருகும், நியோபியத்துக்கு 2,477 டிகிரி வேண்டும். எடையிலும் நியோபியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காற்று பட்டால் டைட்டானியம் ஆக்சிஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஆசாரி மாதிரி மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) வெங்காரம் தூவிச் சமாளிக்கிற கதை இங்கே நடக்காது. வெற்றிடத்தில், மின்வில்லால், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று தடவை உருக்குவார்கள். அப்படியும் உருகாத நியோபியத் துணுக்கு ஒன்று உள்ளே தங்கிவிட்டால், அது பின்னால் வந்து பழிவாங்கும்.

அப்புறம் கலவையைத் தண்டாக்கி, செம்புக் குழாய்க்குள் வைத்து மூடி, சூடாக்கிப் பிதுக்கி, இழுத்து, அறுகோணக் கோலாக்குவார்கள். அந்தக் கோல்களை நூற்றுக்கணக்கில் தேனடை மாதிரி இன்னொரு செம்புக் குழாய்க்குள் அடுக்கி மறுபடியும் பிதுக்கி, இழுப்பார்கள். செம்பும் டைட்டானியமும் சூட்டில் சேர்ந்தால் கடினமான கட்டிகள் உண்டாகும் என்பதால், நடுவே மெல்லிய நியோபியத் தகடு ஒன்றையும் சுற்றுவதுண்டு. ஜெனீவா பக்கத்தில் இருக்கும் எல்எச்சி துகள் முடுக்கியின் 1,232 பெரிய காந்தங்களில் உள்சுற்றுக்குப் போட்ட கம்பி 1.065 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஏறக்குறைய 8,900 இழைகள். ஒவ்வொன்றும் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு மெலிய வேண்டுமா? வேண்டும். மீக்கடத்தி தடியாக இருந்தால், உள்ளே புகுந்த காந்தப்புலம் திடீரென்று இடம் மாறி வெப்பத்தைக் கிளப்பிவிடும். திரவ ஹீலியத்தின் மைனஸ் 269 டிகிரியில் இருக்கிற கம்பிக்கு, ஐந்து டிகிரி ஏறினாலே மீக்கடத்தும் குணம் போய்விடும். அப்படி ஓரிடத்தில் போனால் மின்சாரம் ஒதுங்கிப் போகத்தான் சுற்றிலும் செம்பு. இழைகளைக் கயிறு மாதிரி முறுக்கியும் விடுவார்கள்.

25 சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள உருளையை 0.8 மில்லிமீட்டருக்கு இழுத்தால், கணக்குப்படி 97 கிலோமீட்டர் வரும். நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி வரை போட்டாலும் மிச்சம் இருக்கும். அவ்வளவு தூரத்தில் எங்கே ஒரு தூசி இருந்தாலும் அங்கே அறும். நான் சேர்ந்த புதிதில், கடைசி அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட கம்பி படக்கென்று அறுந்தது. அறுந்த முனையை நுண்ணோக்கியில் வைத்தால், நடுவில் பொட்டு மாதிரி ஒரு அந்நிய உலோகத் துணுக்கு. அடுக்கும்போது விழுந்ததுதான். அடுக்கியவர்களில் நானும் ஒருவன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இதைவிடச் சுவாரசியமானது சூடு காட்டுகிற விஷயம். அப்பா சூடு காட்டுவது கம்பியை இளக்க. இங்கே 375 முதல் 420 டிகிரிக்குள், ஒரு தடவைக்கு 40 முதல் 80 மணி நேரம் வரை உலையில் வைப்பது, கலவைக்குள் குறையை உண்டாக்க. ஆமாம், வேண்டுமென்றேதான். ஒரே சீரான கலவையாக இருந்தால் கம்பி மீக்கடத்தும், ஆனால் பலமான காந்தப்புலத்தில் பெரிய மின்னோட்டத்தைத் தாங்காது. புலம் உள்ளே மெல்லிய கோடுகளாகப் புகுந்திருக்கும். மின்னோட்டம் அவற்றைத் தள்ளும். அவை நகர்ந்தால் சூடு. ஆடிக் காற்றில் நங்கூரம் போடாத வள்ளம் மாதிரிதான். உலையில் கிடக்கும்போது டைட்டானியம் கொஞ்சம் பிரிந்து தனித் துணுக்குகளாக உட்காரும். அதுதான் நங்கூரம். இழு, உலையில் வை, மறுபடி இழு என்று மூன்று தடவையாவது நடக்கும். கடைசி இழுப்பில் அந்தத் துணுக்குகள் நசுங்கி, சில நானோமீட்டர் கனமுள்ள நாடாக்களாகும். அந்த அளவுக்கு வந்தால்தான் பிடிமானம் நன்றாக இருக்கும். ஆக, சுத்தமாக உருக்க அத்தனை பாடுபட்டுவிட்டு, அப்புறம் நாமே குறையை அளந்து வைக்கிறோம்.

ஊருக்கு வரும்போது கழிவுக் கம்பியில் ஒரு சாண் கொண்டுவந்தேன். அப்பா நம்பவில்லை. "இது செம்புக் கம்பிலா" என்றார். பட்டறையில் இருந்த திராவகத்தில் நுனியை முக்கி வைத்தோம். செம்பு கரைந்து திராவகம் நீலப் பச்சையாகியது. நியோபியம்-டைட்டானியத்தை அது ஒன்றும் செய்யவில்லை. நுனியில் பூனை முடி மாதிரி ஒரு கற்றை மிச்சம் நின்றது. கழுவிக் கொடுத்தேன். அப்பா பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாமணத்தால் ஒற்றை இழையைப் பிரிக்கப் பார்த்தார். நாலு தடவை பார்த்தும் சிக்கவில்லை.

"இதுக்குச் சேதாரம் எவ்வளவு?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவை பிதுக்கும்போதும் இரண்டு முனையையும் வெட்டி எறிகிற கணக்கைச் சொன்னேன்.

"அப்போ நம்ம நகைக்கடைக்காரனுவ எவ்வளவோ பரவால்லலா" என்றார்.